இடது பக்கத்து பிரேக்

ஓட்டத் தெரியாதவர் கையில் ஸ்டீயரிங்கையும், தெரிந்தவர் காலடியில் ஒரு பிரேக்கையும் கொடுத்து, ரெண்டு பேரும் பேசிக்கொண்டே பத்திரமாகத் திரும்பி வாருங்கள் என்று ரோட்டில் இறக்கிவிடுகிற தொழில்தான் டிரைவிங் ஸ்கூல்.

உங்கள் பிள்ளை முதன்முதலில் வண்டி எடுத்த அன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தேடி வெறும் தரையை மிதித்தவர் நீங்கள் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தான். என் காலடியில் நிஜமாகவே ஒரு பிரேக் இருக்கிறது. ஸ்கூல் காரில் இடது பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள், சொல்லிக்கொடுப்பவருக்காக.

நான் உடுமலைக்காரி. கான்வென்ட்டில் படித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். பதினெட்டு முடிந்த கையோடு லைசென்ஸ் எடுத்து, தேங்காய் மூட்டை ஏற்றிய அப்பாவின் ஆம்னி வேனைப் பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவள். அப்போது பயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கல்யாணமாகி, திருப்பூர் பக்கம் முதலிபாளையம் வந்து, மித்ரா பிறந்த பிறகுதான் ரோட்டில் இத்தனை லாரி ஓடுவது என் கண்ணில் பட்டது. அவள் அப்பா ஆப்பிரிக்காவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். போனில் அவர் குரல் கேட்கிற நேரத்தைவிட மெஷின் சத்தம் கேட்கிற நேரம் அதிகம். மித்ரா இப்போது எல்.கே.ஜி. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த ஊரில் அவளை யார் போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவார்கள் என்ற கேள்வி, ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஸ்கூலில் நான் முதலில் சேர்ந்தது மேஜை வேலைக்கு. ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். வருகிறவர்கள் போட்டோ, ஆதார், கைரேகை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் மத்தியானம் வரை அந்தப் படங்களும் நானும்தான். பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா பிரசவத்துக்குப் போனபோது, ஓனர் தங்கவேலு அண்ணன் என்னைக் காரில் ஏற்றினார். அன்றிலிருந்து தினமும் ஒரு மனுஷர் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு பேசுகிறார். பயந்து செத்தாலும் காரை விட்டு நான் இறங்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். மித்ரா தூங்கிவிட்டாள். வீட்டில் வேறு சத்தமில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கடையில் இல்லாத வண்டி

சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருக்கிற ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகனுக்கு அப்போதுதான் பதினாறு முடிந்திருந்தது. "பதினாறுக்கே லைசென்ஸ் குடுக்கறாங்களாமில்லீங்க?" என்றார். கொடுக்கிறார்கள், பொய்யில்லை. கியர் இல்லாத வண்டியாக இருக்க வேண்டும், என்ஜின் ஐம்பது சி.சி.யைத் தாண்டக் கூடாது, அப்பாவோ அம்மாவோ சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். கியர் பைக், கார் எல்லாம் பதினெட்டு முடிந்த பிறகுதான். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "கையெழுத்து இருக்கட்டுங்க, முதல்ல அந்த வண்டிய வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

ரெண்டு நாள் கழித்து வந்தார், வெயிலில் கறுத்துப் போய். பல்லடத்திலும் திருப்பூரிலும் இருக்கிற ஷோரூமெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார். எங்கே கேட்டாலும் நூறு சி.சி.க்கு மேலேதான். ஐம்பது சி.சி. என்றதும் ஒரு ஷோரூம் பையன், "அதெல்லாம் எங்கப்பா காலத்து வண்டிங்க" என்று சிரித்திருக்கிறான். மெதுவாகப் போகிற பேட்டரி வண்டியைக் காட்டினார்களாம், அதற்கு லைசென்ஸே வேண்டாமாம். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங் மேடம், இந்தச் சட்டம் எழுதுனவங்க ஒருக்காவாச்சும் ஷோரூம் பக்கம் எட்டிப் பார்த்திருக்கலாமில்லீங்க?"

யாருக்கு ஜெயில்?

ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிற அம்மா. மகனுக்குப் பதினேழரை. "இன்னும் ஆறு மாசம்தானுங்க, காலங்காத்தால ஆள் இல்லாத ரோட்டுல சும்மா பழக்கி விடுங்க" என்று கெஞ்சினார். பதினெட்டு முடியாமல் காருக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், கிடையாது, எல்.எல்.ஆர். இல்லாதவரை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைக்க எனக்கு உரிமை கிடையாது என்றேன். அப்படியும் நகரவில்லை. வீட்டு ஸ்கூட்டரை அவன் ஏற்கெனவே ஓட்டுகிறான் என்று தெரிந்தது. எனக்குக் கான்வென்ட் சிஸ்டரின் குரல் வந்துவிட்டது. மைனர் வண்டி ஓட்டி மாட்டினால் இருபத்தைந்தாயிரம் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு வருஷத்துக்கு வண்டியின் ஆர்.சி. ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸே கிடையாது என்று ஒப்பித்தேன். அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "அக்கா, ஜெயிலுக்கு நானா போகணும்?" என்றான். இல்லை கண்ணு, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான், பெத்தவங்கதான் என்றேன். போனைப் பையில் போட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினான். "அம்மா, அப்ப போறதுக்கு முன்னாடி ஊட்டுச் சாவிய எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிரு."

நல்ல வண்டி

ஷிரின் வந்தது அந்தச் சமயத்தில்தான். பதினெட்டு முடிந்து பி.காம். முதல் வருஷம். அவள் அத்தாவுக்கு பனியன் வேஸ்ட் வியாபாரம். ராத்திரி எதிர் லைட் பட்டால் அவருக்குக் கண் கூசுகிறது, அதனால் வீட்டுக் காரை மகள் ஓட்டட்டும் என்று கொண்டுவந்து விட்டார். எல்.எல்.ஆர். டெஸ்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாக் குறியீட்டையும் சரியாகச் சொன்னாள். எல்.எல்.ஆர். வாங்கின பிறகு முப்பது நாள் ஆனால்தான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். அந்த முப்பது நாள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு விட்ட நேரம்.

காலையில் கம்பெனிகள் திறக்கும் முன் தொழிற்பேட்டைக்குள் இருக்கிற ரோடுகள் அகலமாக, காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஓட்டுவோம். ஷிரின் கையில் ஸ்டீயரிங் சுற்றும், வாய் அதைவிட வேகமாகச் சுற்றும். அவள் சிநேகிதி எதற்குக் கோபித்துக்கொண்டாள், தம்பி எப்படிக் குறட்டை விடுகிறான், பெருநாளுக்கு எடுத்த சுடிதாரை டெய்லர் எப்படிக் கெடுத்தார், எல்லாம் சொல்வாள். என்னிடம் ஒருவர் இவ்வளவு விஷயம் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. கேட்டுக்கொண்டே இருப்பேன், ஆனால் கண் ரோட்டிலேயே இருக்கும். தூரத்தில் ஒரு நாய், ஒரு சைக்கிள், திரும்பலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு தண்ணீர் லாரி. எதைப் பார்த்தாலும் என் கால் தானாகப் போய்விடும். மெஷினைப் பற்றிப் படித்தவள் இல்லையா, உலுக்காமல், குலுக்காமல் வெண்ணெய் மாதிரி நிறுத்துவேன்.

நாலாவது வாரம் ஒரு வேகத்தடை முன்னால் கார் அப்படித்தான் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஷிரின் ஸ்டீயரிங்கைச் செல்லமாகத் தட்டினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். "நான் ஒண்ணுமே பண்ணலக்கா, நிக்கணும்னு நெனச்சாலே நிக்குது. ரொம்ப நல்ல வண்டிக்கா!"

பின்னால் வருகிறவர்

கம்பெனி ஆள்களை வேனில் கூட்டி வருகிற டிரைவர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தினமும் அதே நேரத்துக்கு எங்கள் எல் போர்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். ஹாரன் அடிக்க மாட்டார், அந்த மட்டில் நல்லவர். ஒருநாள் பேக்கரியில் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று டம்ளரை வைத்துவிட்டேன். அவர் மெதுவாகக் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சொன்னார். "யக்கா, ஒங்க வண்டிக்குப் பொறத்தால அந்தச் செவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குதே, காலைல இத ஒரு மைல் பாத்தாலே எனக்குக் கண்ணுவலி வந்த மாரி இருக்குக்கா."

போட்டோ

சூரஜ் பீகார்ப் பையன். கட்டிங் செக்‌ஷனில் ஹெல்பர். ரெண்டு வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அவனுடைய சொந்தத் தயாரிப்பு. கம்பெனியின் குட்டி யானை லோடு வண்டியில் துணி ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. பதினெட்டு முடிந்துவிட்டது என்று ஓடி வந்தான். லோடு வண்டிக்குப் பதினெட்டு போதாது, இருபது ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. "பரவாயில்லை அக்கா, ரெண்டு வருஷம் கார் ஓட்டும், அப்புறம் யானை ஓட்டும்" என்று சேர்ந்துவிட்டான்.

ஒவ்வொரு கிளாஸ் முடிந்ததும் போனை என்னிடம் நீட்டுவான். ஸ்டீயரிங் மேல் ரெண்டு கையும் வைத்து, சிரிக்காமல் விறைப்பாக உட்காருவான். போட்டோ எடுத்துத் தருவேன். அங்கேயே அவன் அம்மாவுக்கு அனுப்புவான். உடனே அந்த அம்மா கூப்பிடும், எனக்குப் புரியாத பாஷையில் என்னிடமும் ரெண்டு வார்த்தை பேசும். ஒருநாள் போட்டோ எடுத்து போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, எல்லார் போட்டோவும் நீங்க எடுக்குது. உங்க போட்டோ யார் எடுக்கும்?"

சுண்ணாம்புக் கோடு

ஷிரினுக்கு டெஸ்ட். அன்றைக்கு என் சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார், நான் வெளியே நிற்க வேண்டும். ஷிரினின் அத்தாவும் நானும் வேப்ப மரத்தடியில் நின்றோம். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கார் கிளம்பியது. சிக்னல் போட்டாள், கியர் மாற்றினாள், கண்ணாடி பார்த்தாள், ரிவர்ஸ் எடுத்தாள், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் தரையில் போட்டிருக்கிற சுண்ணாம்புக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். டயர்களுக்குப் பின்னால், பைக்கில் எட்டுப் போடப் பையன்கள் வரிசையாக நின்றார்கள். கார் நிதானமாக வந்தது. கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. கண்ணாடி வழியாக ஷிரின் முகம் எனக்குத் தெரிந்தது. பதற்றமே இல்லை. அந்த நல்ல வண்டி நிற்கட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். யாரோ கத்தினார்கள், பையன்கள் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள், டயர் அடுக்கை இடித்துச் சரித்த பிறகுதான் கார் குலுங்கி நின்றது. இடது பக்கத்து பிரேக்கை இன்ஸ்பெக்டர் மிதித்திருந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மறுபடி மறுபடி எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் இறங்கி, நேராக என்னிடம் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பொண்ணு நல்லா ஓட்டுதும்மா, நிறுத்தறதுக்குத்தான் யாரும் சொல்லிக் குடுக்கல."

மேஜை

தங்கவேலு அண்ணன் சத்தம் போடுகிறவர் இல்லை. ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார். "அம்மிணி, உங்ககிட்டப் படிச்சு இதே கோட்டத் தாண்டுன மூணாவது ஆளுங்க இது" என்றார். முதலில் ஒரு காலேஜ் பெண், அது பதற்றம் என்று நினைத்தேன். அப்புறம் சூரஜ், பாஷை புரியவில்லை என்று நினைத்தேன். அண்ணன் ஸ்கூல் காரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார், வேன்காரர் பார்த்த அதே சிவப்பு லைட்டை. பயம் எனக்கு. பிரேக் போடத் தெரியாமல் ரோட்டுக்குப் போகப்போவது அந்தப் பிள்ளைகள். நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு பிரேக்கை அவர்களிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். மித்ரா நடக்கிற ரோட்டுக்கு, நிறுத்தத் தெரியாதவர்களை நானே தயார் பண்ணி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஃபெயில் ஆனவர்கள் ஏழு நாள் கழித்து மறுபடி டெஸ்ட் கேட்கலாம். ஷிரினை நானே திரும்பக் கூட்டிப் போக வேண்டும், இந்தத் தடவையும் கோட்டைத் தாண்டினால் நான் மேஜைக்கே வந்துவிட வேண்டும் என்றார். சம்பளம் அதேதான். "உங்களுக்கும் அது நிம்மதிதானுங்களே" என்றும் சொன்னார், பாவம், நல்ல எண்ணத்தில்தான். நான் அந்த ரூமைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் முக்கோணங்களும் வட்டங்களும். காலையிலிருந்து யாரும் உட்காராத எதிர் நாற்காலி. "கால் தானாகப் போகுதுங்கண்ணா, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். அவர் என் செருப்பைப் பார்த்தார். "போறது உங்க காலுதானுங்க அம்மிணி, பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளையோட காலு இல்லீங்களே?"

நாற்காலி வண்டி

இதைக் கஸ்டமர் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் மித்ரா ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். வலது பக்கம் அவள், இடது பக்கம் நான். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டீயரிங். எல் போர்டு வேண்டும் என்று அடம்பிடித்து, துப்பட்டாவை நாற்காலிக்குப் பின்னால் கட்டச் சொன்னாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். லாரி வருது, பஸ் வருது, மாடு வருது என்று அவளே சொல்லி, அவளே வளைத்து வளைத்து ஓட்டினாள். ஒரு லாரிக்குத் தட்டை முழுசாகச் சுழற்றினாள். அப்போது சட்டென்று நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, விரலெல்லாம் வெளுக்கிற அளவுக்கு. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மிதிக்காதம்மா, நீ மிதிச்சா அப்பா ஊருக்கு எப்பப் போறது?"

ஒரு வார்த்தை நேரம்

மறுநாள் காரில் ஏறியதும் ஷிரினிடம் சொல்லிவிட்டேன். வண்டி நல்ல வண்டி இல்லை, நான்தான் மிதித்தேன், உன்னிடம் சொல்லாமல் மிதித்தேன் என்று. "அப்ப இத்தன நாளா நான் ஓட்டுனதெல்லாம் நீங்க ஓட்டுனதாக்கா?" என்றாள். அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. சிநேகிதி இல்லை, தம்பி இல்லை, டெய்லர் இல்லை. என்ஜின் சத்தம் மட்டும். மேஜைக்கு அனுப்பாமலே அந்த ரூம் காருக்குள் வந்துவிட்டது.

காலைக் கட்டுவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கான்வென்ட்டில் பரீட்சை ஹாலுக்குள் போகும் முன் 'ஹெயில் மேரி' சொல்லிவிட்டுத்தான் போவோம். எங்கள் வீட்டில் முருகன்தான், ஆனால் பயம் வந்தால் இன்றைக்கும் என் வாயில் மாதாதான் வருவாள். பயம் வந்ததும் அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் மிதிப்பது என்று முடிவு செய்தேன். முழு ஜெபத்தையும் சொன்னால் லாரி நம் மேலேயே வந்துவிடும் என்பதால் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தை முடிகிற வரைக்கும் கால் பிரேக் மேல் இருக்கும், அழுத்தாது. முதல் நாள் பாதி வார்த்தையில் அழுத்திவிட்டேன். ரெண்டாம் நாளும் அதேதான். ஷிரின் ஒவ்வொரு தடவையும் என் காலைப் பார்ப்பாள்.

டெஸ்டுக்கு முந்தின நாள் அவளுக்குக் காலையில் காலேஜில் பரீட்சை, சாயங்காலம்தான் வந்தாள். ஷிப்ட் விடுகிற நேரம். நான் அந்த நேரத்தில் கார் எடுத்ததே கிடையாது. ஒரு கம்பெனி கேட் திறந்து, டிபன் பையும் போனுமாக ஆள்கள் ரோட்டில் கொட்டினார்கள். ஒரு பெண் சரியாக எங்களுக்கு நேராக, அறுந்த செருப்பு வாரைச் சரிபண்ண நடு ரோட்டில் குனிந்துவிட்டாள். "ஹெயில்" என்றேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வார்த்தை முழுசாக முடிந்தது. என் கால் அழுத்தவில்லை. முடிந்த நொடியில் கார் தூக்கிப் போட்ட மாதிரி குலுங்கி, கிளட்ச் மிதிக்காததால் என்ஜின் அணைந்து நின்றது. பின்னால் ஹாரன்கள் கதறின. குனிந்திருந்த பெண் நிமிர்ந்து, "பாத்து வாங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஷிரினின் வலது கால் பிரேக்கை முழுசாக மிதித்திருந்தது. என்னுடையது பிரேக் மேல் சும்மா கிடந்தது. அவள் முதலில் என் காலைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, இந்த வண்டி கெட்டுப்போச்சுக்கா, நெனச்சா நிக்கவே மாட்டேங்குது, நானே மிதிக்க வேண்டியதாப் போச்சு!"

அன்று ஸ்கூல் வாசலுக்கு வந்து சேருகிற வரைக்கும் டெய்லர் விஷயத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பேசிக்கொண்டே வந்தாள்.

கோட்டுக்கு முன்னால்

மறுநாள் டெஸ்டில் சுண்ணாம்புக் கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்திவிட்டாள். "கோடு இன்னும் அங்க இருக்குதும்மா" என்று இன்ஸ்பெக்டர் சொல்லி, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவரச் சொன்னாராம். மறுபடி எடுத்து, கோட்டின் மேலேயே நிறுத்தினாள். பாஸ். தங்கவேலு அண்ணன் அன்றைக்கே மேஜைக்கு வேறு ஒரு பெண்ணை வரச் சொல்லிவிட்டார். காரில் அடுத்ததாக சூரஜ், அதே ஒரு வார்த்தை.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஷிரின் அத்தாவோடு ஸ்கூலுக்கு வந்தாள், அவர்கள் வீட்டுக் காரில், எல் போர்டு இல்லாமல். காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கவில்லை. அத்தா மட்டும் பழப் பெட்டியோடு இறங்கினார், வலது காலைக் கொஞ்சம் நொண்டியபடி. என்னங்க ஆச்சு என்று கேட்பதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், கண்ணாடியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. அத்தா மறுபடி ஓடி ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "ஏனுங் மேடம், எங்க கார்லயும் இந்தப் பக்கம் ஒரு பிரேக் வச்சுத் தர மாட்டாங்களாங்க?"

இந்தத் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்தால் கிடைக்கிற பரிசு, நேற்றுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் நாளையிலிருந்து வரமாட்டார் என்பதுதான்.